அடி தப்பிய மூன்றாவது ஒளிக்கதிர்



பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு முன் நடக்கும் அணிவகுப்புப் பயிற்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் நடக்கிறார்கள். முதலாமவரும் இரண்டாமவரும் ஒரே நேரத்தில் இடது காலை எடுத்து வைக்கிறார்கள். இரண்டாமவரும் மூன்றாமவரும் அப்படியே. அப்படியென்றால் முதலாமவரும் மூன்றாமவரும் ஒரே அடியில்தான் நடக்க வேண்டும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மனிதர்கள் நடந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் ஒளிக்கதிர்கள் நடக்கும்போது இந்தக் கணக்கு தவறிப் போகலாம். இதை 1956-ஆம் ஆண்டு பெங்களூரில் 22 வயது இளைஞர் ஒருவர் எழுதிக் காட்டினார். அவர் பெயர் எஸ். பஞ்சரத்தினம். ஒளியை வைத்துக் குவாண்டம் கணினி கட்ட முயலும் இன்றைய ஆய்வாளர்களின் பாடத்தில் அவர் பெயரும் இடம்பெறுகிறது.

யார் இவர்?

பஞ்சரத்தினம் 1934-இல் கொல்கத்தாவில் பிறந்தவர். திருச்சியில் பிறந்து, 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமனுக்குச் சகோதரி மகன். இராமன் 1948-இல் பெங்களூரில் தொடங்கிய ஆய்வுக் கழகத்தில்தான் இவர் ஆய்வு செய்தார்.

அவர் கையில் எடுத்தவை படிகங்கள். அயோலைட் என்றொரு படிகம் உண்டு. ஒரு பக்கமிருந்து பார்த்தால் நீலமாகவும், திருப்பிப் பார்த்தால் வெளிர் மஞ்சளாகவும் தெரியும். அதற்குள் ஒளி எப்படிப் பயணம் செய்கிறது என்று ஆராய்ந்தபோதுதான் அவருக்கு ஓர் எளிய கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்வி

படிவம் 4 இயற்பியலில் குறுக்கீட்டு விளைவைப் படிப்பீர்கள். இரண்டு அலைகளின் முகடும் முகடும் சேர்ந்தால் வெளிச்சம் கூடும். முகடும் அகடும் சேர்ந்தால் இருட்டு. அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையே ‘கட்டம்’ என்கிறோம். கட்டம் ஒத்துப்போனால் இரண்டு அலைகளும் ஒரே அடியில் நடக்கின்றன என்று பொருள்.

ஆனால் ஒளி அலைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது எந்தத் திசையில் அதிர்கிறது என்பதே அது. ஒரு கயிற்றை மேலும் கீழும் ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம், வட்டமாகவும் சுழற்றலாம் அல்லவா? ஒளி இப்படி ஒரு குறிப்பிட்ட முறையில் மட்டும் அதிர்வதை முனைவாக்கம் என்கிறோம்.

ஒரே முறையில் அதிரும் இரண்டு கதிர்களை ஒப்பிடுவது எளிது. ஒன்று நேராகவும் மற்றொன்று சாய்வாகவும் அதிர்ந்தால்? அவை ‘ஒரே அடியில்’ நடக்கின்றன என்று எதை வைத்துச் சொல்வது? பஞ்சரத்தினம் கேட்டது இதைத்தான்.

அவருடைய விடை, கேள்வியைவிட எளிமையானது. ஒரு கதிரைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்துங்கள். இரண்டையும் சேர்த்தால் எப்போது வெளிச்சம் மிக அதிகமாக இருக்கிறதோ, அப்போது அவை ஒரே அடியில் நடக்கின்றன. அவ்வளவுதான்.

இந்த விதியை மூன்று கதிர்களுக்குப் பொருத்தியபோதுதான் வியப்பு காத்திருந்தது. முதல் கதிரும் இரண்டாவதும் ஒத்துப்போகின்றன. இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகின்றன. ஆனால் மூன்றாவதும் முதலாவதும் ஒத்துப்போகவில்லை!

கோலுடன் ஒரு பயணம்

ஏன் இப்படி? ஓர் உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மலாக்காவுக்கு நேர் தெற்கே, நிலநடுக்கோட்டில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கையில் வடக்கு நோக்கிய ஒரு கோல். பயணம் முழுவதும் அதை எந்தப் பக்கமும் திருப்பக் கூடாது. இதுதான் நிபந்தனை.

முதலில் நேராக வட துருவத்துக்குப் போங்கள். அங்கே, கோலைத் திருப்பாமல், உங்கள் வலப்பக்கமாக நடந்து மீண்டும் நிலநடுக்கோட்டுக்கு இறங்குங்கள். இப்போது கோல் கிழக்கைக் காட்டும். பிறகு நிலநடுக்கோட்டின் வழியே மேற்காக நடந்து புறப்பட்ட இடத்துக்கு வாருங்கள். வடக்கைக் காட்டிய கோல் இப்போது கிழக்கைக் காட்டுகிறது. ஒருமுறைகூடத் திருப்பாத கோல் 90 பாகை திரும்பிவிட்டது! நீங்கள் நடந்த பரப்பு தட்டையாக இல்லாமல் வளைந்திருந்ததுதான் காரணம்.

ஒளியின் முனைவாக்க வகைகள் எல்லாவற்றையும் இப்படியே ஓர் உருண்டையின் மேல் புள்ளிகளாகக் குறிக்கலாம். இதை உருவாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் புவான்காரே. நேர்க்கோட்டில் அதிரும் ஒளி இந்த உருண்டையின் நடுக்கோட்டில் இருக்கும். வட்டமாகச் சுழலும் ஒளி துருவங்களில் இருக்கும். மூன்று கதிர்களும் மூன்று புள்ளிகள். அவற்றை இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முக்கோணம் உருண்டையின் மையத்தில் தாங்கும் திண்மக் கோணத்தில் பாதியே மூன்றாவது கதிர் அடி தப்பும் அளவு என்று பஞ்சரத்தினம் கணக்கிட்டார். நீங்கள் கோலுடன் சுற்றி வந்தது போன்ற முக்கோணமாக இருந்தால், அந்த அளவு 45 பாகை, அதாவது ஓர் அலையின் எட்டில் ஒரு பங்கு.

முப்பது ஆண்டு மௌனம்

பஞ்சரத்தினம் 1964-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஆய்வைத் தொடர்ந்தார். 1969-இல், தம் 35-ஆவது வயதில் காலமானார். அவருடைய 1956-ஆம் ஆண்டுக் கட்டுரையை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை.

1984-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் பெர்ரி, குவாண்டம் இயற்பியலில் இதைப் போன்ற வடிவியல் கட்டம் ஒன்று இருப்பதைக் காட்டினார். உலகமே திரும்பிப் பார்த்தது. பஞ்சரத்தினத்தின் அண்ணன் இராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 1986-இல், இதற்கு முன்னோடி 1956-லேயே பெங்களூரில் வெளிவந்துவிட்டது என்று எடுத்துக்காட்டினார்கள். பெர்ரியும் அதை மனமுவந்து ஏற்று, மறு ஆண்டே பஞ்சரத்தினத்தின் பணியை விளக்கிக் கட்டுரை எழுதினார். இன்று அது பஞ்சரத்தினம்–பெர்ரி கட்டம் என்று இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது.

சில்லுக்குள் ஒளி

பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் உங்கள் அக்காவோ சித்தப்பாவோ சில்லுத் தொழிற்சாலையில் வேலை செய்யலாம். அந்தச் சில்லுகளில் ஓடுவது மின்னோட்டம். ஆனால் ஒளி ஓடும் சில்லுகளும் உண்டு. கண்ணாடி போன்ற பொருளில் முடியைவிட மெல்லிய பாதைகளை அமைத்து, அவற்றில் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாகச் செலுத்துகிறார்கள். இத்துறைக்கு ஒருங்கிணைந்த குவாண்டம் ஒளியியல் என்று பெயர்.

2008-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜெரமி ஓ’பிரையன் குழுவினர் இத்தகைய சில்லில் ஒளித்துகள்களின் குறுக்கீட்டை நிகழ்த்திக் காட்டினர். அடுத்த ஆண்டே ஒரு சில்லைக் கொண்டு 15 என்ற எண்ணை 3, 5 எனக் காரணிப்படுத்தினர். உங்களுக்கு இது ஆரம்பப் பள்ளிக் கணக்குதான். ஆனால் அதைச் செய்தது ஒரு சில ஒளித்துகள்கள்!

இந்தச் சில்லுகளில் ‘சுக்கான்’ வேலை பார்ப்பது கட்டம்தான். பாதையின் மேல் உள்ள சிறிய சூடேற்றி ஒளியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. கட்டம் மாறியதும், துகள் எந்த வாசலில் வெளியேறும் என்பதற்கான வாய்ப்பும் மாறுகிறது. பஞ்சரத்தினம் காட்டியது கட்டத்தை மாற்றும் இன்னொரு வழி. அதற்கு ஒளியைத் தாமதப்படுத்த வேண்டியதில்லை. முனைவாக்கத்தை ஒரு சுற்று சுற்றவைத்தால் போதும். ஒற்றை ஒளித்துகளுக்கும் இது பொருந்தும் என்று 1991-இல் அமெரிக்காவில் குவியட், சியாவ் இருவரும் சோதித்துக் காட்டினார்கள்.

2016-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கபாசோ குழுவினர் இதே கருத்தைக் கொண்டு தட்டையான வில்லை ஒன்றைச் செய்தனர். அதில் உள்ள நுண்ணிய தூண்களின் உயரம் 600 நானோமீட்டர் மட்டுமே. ஒவ்வொரு தூணையும் வெவ்வேறு கோணத்தில் திருப்பி நிறுத்தியதால் ஒளி ஓரிடத்தில் குவிந்தது.

உங்களுக்கு ஒரு சொல்

படிவம் 4-க்குப் போகும்போது இயற்பியலை எடுப்பதா விடுவதா என்ற குழப்பம் ஜாசின், அலோர் காஜா பக்கத் தோட்டங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கும் வரும், பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் வரும். “அதெல்லாம் ரொம்பக் கஷ்டம்” என்று யாராவது சொல்வார்கள். கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பஞ்சரத்தினத்தின் விதியை நீங்கள் இப்போது படித்துப் புரிந்துகொண்டீர்கள். அதில் இருந்தது ஒரு தெளிவான கேள்வியும் பொறுமையான கணக்கும்தான். படிவம் 4-இல் அலைகளும் ஒளியும், படிவம் 5-இன் கடைசிப் பாடமாகக் குவாண்டம் இயற்பியலும் காத்திருக்கின்றன. புரியவில்லை என்று விடுவதற்கு முன், ‘எது புரியவில்லை’ என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். அந்த வரியை உங்கள் ஆசிரியரிடம் கொண்டு போங்கள்.

செய்து பாருங்கள்

1. மடிக்கணினித் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, முனைவாக்கக் கறுப்புக் கண்ணாடி வழியே பாருங்கள். கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும்.

2. ஒளி ஊடுருவும் நெகிழித் தாள் ஒன்றில் செலோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டித் திரைக்கும் கண்ணாடிக்கும் இடையில் பிடியுங்கள். நிறங்கள் தோன்றும். டேப் ஒளியின் கட்டத்தை மாற்றுவதால் வரும் நிறங்கள் இவை.

எச்சரிக்கை: எந்தக் கண்ணாடி அணிந்தும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

சிந்தியுங்கள்

1. நேராக அதிரும் கதிரையும் அதற்குச் செங்குத்தாக அதிரும் கதிரையும் சேர்த்தால், தாமதத்தை எவ்வளவு மாற்றினாலும் வெளிச்சம் கூடாது, குறையாது. அப்படியானால் பஞ்சரத்தினத்தின் விதியை இங்கே பயன்படுத்த முடியுமா?

2. செலோடேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினால் நிறம் மாறுகிறது. ஏன்?