காலாண்டு விடுமுறையில் மசாய் மாரா

கேள்வி: நான், கணவர், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், 65 வயது மாமியார் நால்வரும் கென்யா போக ஆசைப்படுகிறோம். மே மாதம் ஏழே நாளில் அம்போசெலி, நகுரு, மசாய் மாரா மூன்றையும் காட்டுவதாக டிராவல்ஸில் சொல்கிறார்கள். வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்பது மகனின் கனவு. இந்தத் திட்டம் சரிதானா?
- வாசகி, திருச்சி

பதில்: மே மாதம் வேண்டாம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை அங்கே பெருமழைக்காலம். மாராவின் கரிசல் மண்ணில் வண்டி சக்கரம் புதைய மாட்டிக்கொள்ளும். அறை வாடகை குறையும், உண்மைதான். ஆனால் உங்கள் மகன் தேடும் கூட்டம் அப்போது எல்லைக்கு அப்பால், தான்சானியாவின் செரெங்கெட்டியில் மேய்ந்துகொண்டிருக்கும். பத்து லட்சத்துக்கும் மேலான அந்த விலங்குகள் புல்லைத் தேடி வடக்கே நகர்ந்து, ஜூலை வாக்கில் மாராவுக்கு வரும். அக்டோபர் வரை இருக்கும். நம் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில்தானே? அப்போது போங்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் நாளொன்றுக்கு 200 டாலர், மற்ற மாதங்களைவிட இரு மடங்கு. பேக்கேஜ் விலையில் அதுவும் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று இடம் என்பதையும் விட்டுவிடுங்கள். நைரோபியிலிருந்து மாராவுக்கே சாலையில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். மூன்று ஊரையும் சுற்றினால் பாதிப் பயணம் வண்டியிலேயே கழியும், மாமியாரின் முதுகும் தாங்காது. மாராவில் மட்டும் நான்கு இரவு தங்குங்கள். பணம் இடம் கொடுத்தால் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆளுக்கு 15 கிலோ சாமான்தான். அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் தடுத்துத் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அறுபதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியில் ஆபத்து சற்று அதிகம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே மாமியாரை மருத்துவரிடம் காட்டுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே எழுதி வாங்குங்கள். விடியற்காலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு நாள் குறிக்க முடியாது என்பதை மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கரையில் கூட்டம் மணிக்கணக்கில் நிற்கும். முன்னே நிற்பவை தண்ணீரை மோந்து பார்த்துப் பின்வாங்கும், பின்னால் வருபவை நெருக்கித் தள்ளும், திடீரென ஒன்று குதித்ததும் மற்றவையும் பாயும். சில நாள் ஒன்றுகூட இறங்காமல் மொத்தக் கூட்டமும் திரும்பிப் போய்விடும்.

அந்த நேரத்தில் வண்டிகள் முண்டியடித்து, விலங்குகள் இறங்கும் வழியையே அடைத்துக்கொள்வதுதான் மாராவின் பெரிய வேதனை. வழி அடைபட்டால் அவை செங்குத்தான கரையிலிருந்து குதித்துக் கால் ஒடிந்து சாகின்றன. சிவிங்கிப்புலிகளுக்கும் வண்டிகளால் இதே நெருக்கடிதான். பயணிகள் அதிகம் வரும் பகுதிகளில் தாய்ச் சிவிங்கிகள் குறைவான குட்டிகளையே வளர்த்தெடுக்கின்றன என்று மாராவில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. கிட்டத்தில் போனால் டிப்ஸ் கூடும் என்று எண்ணித்தான் பல ஓட்டுநர்கள் நெருக்குகிறார்கள். அதனால் முதல் நாள் காலையில் வண்டி ஏறும்போதே, தள்ளி நின்று பார்த்தால் போதும் என்று உங்கள் ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு பைனாகுலர் எடுத்துப் போங்கள்.