கூவம் கரையில் மனை வாங்கலாமா?

கேள்வி: திருவேற்காட்டில் கூவத்தை ஒட்டி ஒரு மனை விலைக்கு வந்திருக்கிறது. "ஆற்றைச் சீரமைத்துப் பூங்கா, நடைபாதை எல்லாம் போடப் போகிறார்கள், விலை எகிறும்" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
- ஆவடி வாசகர்

பதில்: திட்டம் பொய்யில்லை. பருத்திப்பட்டு தடுப்பணையிலிருந்து முகத்துவாரம் வரை சுமார் 32 கி.மீ. கூவத்தைச் சீரமைக்கும் பொறுப்பு சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஆனால் பூங்கா வருவதற்குள் வெள்ளம் வரலாமே!

உங்கள் பக்கத்துக் கூவத்தைச் சாக்கடை என்று எண்ணிவிடாதீர்கள். மழைக்காலத்தில் கேசவரம் அணைக்கட்டிலிருந்து பிரிந்து வரும் கொசஸ்தலை நீரும், வழிநெடுக உள்ள ஏரிகளின் உபரியும் இதில்தான் இறங்கும். செம்பரம்பாக்கம் திறந்தால் அடையாறுக்குத்தானே போகும் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

பட்டாவை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு, புலப்படத்தில் ஆற்றின் எல்லை, சி.எம்.டி.ஏ. அனுமதி, நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று எல்லாம் கேளுங்கள். பக்கத்துத் தெருவின் பழைய காம்பவுண்டு சுவர்களையும் பாருங்கள். வெள்ளம் நின்ற உயரம் வண்டல் கோடாகத் தெரியும். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அங்கே குடியிருப்பவர்களிடம் விசாரியுங்கள். புரோக்கரிடம் வேண்டாம்.

சான்றுகளில் ஒன்று குறைந்தாலும் அந்த மனை வேண்டாம்.