கால் எரிச்சலுக்கு மனச்சோர்வு மாத்திரை: மருந்துக்கடையில் என்ன சொல்லிக் கொடுப்பது?

சித்தூருக்கும் வேலூருக்கும் இடையில் இருக்கிறது குடிபாலா. இங்கே மருந்துக்கடைக்கு இரண்டு ஊர் டாக்டர் சீட்டும் வரும். அதில் ‘அமிட்ரிப்டிலின் 10 மி.கி., இரவு ஒன்று’ என்று எழுதியிருக்கும். வாங்க வந்த அம்மாவுக்குச் சர்க்கரை, உள்ளங்கால் எரிகிறது. வீட்டில் மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “இது மனசு சரியில்லாதவங்க மாத்திரைம்மா” என்பான். அன்றோடு மாத்திரை நிற்கும், எரிச்சல் நிற்காது. கடையில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதைத் தடுத்திருக்கலாம்.

முதலில் சீட்டை முழுக்கப் படியுங்கள். கிறுக்கலில் துலோக்செடின், ஃப்ளூயோக்செடின் என்ற இரண்டு மனச்சோர்வு மாத்திரைப் பெயர்களும் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். பிறகு, “டாக்டர் எதுக்குன்னு சொன்னாரும்மா?” என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். ஊரே உறவுக்காரர்கள், பக்கத்தில் நிற்பவர் காதில் விழக்கூடாது.

அடுத்தது விளக்கம். இதில் அவசரம் வேண்டாம். அமிட்ரிப்டிலின் 1961 முதல் மனச்சோர்வுக்குப் புழங்கும் மருந்து. குறைந்த அளவில் அது நரம்பு வலியைத் தணிக்கிறது, ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கிறது. அதேபோல, வேறு மனச்சோர்வு மருந்துகளில் டிராசோடோனைத் தூக்கத்துக்கும், வென்லாஃபாக்சினை மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடற்சூட்டுக்கும் எழுதுகிறார்கள். அரசு தந்த அனுமதியில் இல்லாத பயன் என்பதாலேயே அது தப்பான மருந்து ஆகிவிடாது. சர்க்கரை நரம்பு வலிக்கு அமெரிக்கா 2004-இல் துலோக்செடினுக்கு அனுமதி தந்தது. அமிட்ரிப்டிலினுக்கு அங்கே அந்த அனுமதி இல்லை. ஆனாலும் டாக்டர்கள் எழுதத்தான் செய்கிறார்கள். பழைய, மலிவான மருந்துக்குப் புது அனுமதி கேட்டுச் செலவு செய்யக் கம்பெனிகளுக்கு ஆர்வம் இருப்பதில்லை. அந்த அம்மாவிடம் இவ்வளவும் வேண்டாம். “உங்க மனசுக்கு இல்லம்மா, கால் நரம்புக்குத்தான் குடுத்திருக்காங்க” என்றால் போதும்.

மூன்றாவதாகச் சில கேள்விகள். கண் அழுத்தம் உண்டா? சிறுநீர் அடைப்பு? இதயக் கோளாறு? டிரமடால் மாதிரி வலி மாத்திரை சாப்பிடுகிறாரா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை: வாய் உலரும், மலச்சிக்கல் வரும், தூக்கம் அசத்தும். வயதானவர் இரவில் சட்டென்று எழக்கூடாது. பலன் தெரியச் சில வாரம் ஆகும், தானாக நிறுத்தக்கூடாது. அட்டையில் பேனாவால் ஒரு நிலா வரைந்துவிடுங்கள். தமிழோ தெலுங்கோ படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்வதை மறக்காதீர்கள். அளவு மீறினால் இதயத் துடிப்பே குலைந்துபோகும். 25 வயதுக்கு உட்பட்டவர் என்றால், படபடப்போ சாக வேண்டும் என்ற எண்ணமோ வந்தால் உடனே டாக்டரிடம் கூட்டிப்போகும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கு அழைக்க வேண்டிய டெலி மானஸ் எண் 14416.

கடைப் பையன் அட்டையை எடுத்துத் தரலாம். ஆனால் 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி, சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவுபெற்ற மருந்தாளுநரின் வேலை. “பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்லா கேட்டுச்சு, எனக்கும் பத்து குடுங்கண்ணா” என்று சீட்டில்லாமல் வருபவரிடம் இல்லை என்று சொல்வதும் அவர் பொறுப்புதான். இந்த மாத்திரைகள் சீட்டில்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் மருந்துகள்.

மறுமாதம் அந்த அம்மா வந்தால், கால் எப்படி இருக்கிறது, மயக்கம் ஏதும் உண்டா என்று கேளுங்கள். பக்கவிளைவு என்று தோன்றினால் டாக்டருக்குத் தெரிவியுங்கள். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பதியலாம்.