மீட்டருக்குத் தெரிந்தது சுற்று மட்டும்

குவீன்ஸ்பேயை ஒட்டிய கடலோரப் பாதையில், ஜெரஜாக் தீவைப் பார்த்தபடி என் மடிப்பு சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தேன். வேக மீட்டர் மணிக்கு 27 கிலோமீட்டர் காட்டியது. ஜார்ஜ்டவுன் வீட்டுக்கு இன்னும் 9 கிலோமீட்டர். 20 நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். கூட வந்த அண்ணன் தன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "தம்பி, நாம 20லதான் போறோம்" என்றார். சிக்னலில் நின்ற நேரம் போக, வீடு சேர 27 நிமிடம் ஆனது.

மீட்டரில் பழுது இல்லை. பழைய 26 அங்குல சைக்கிளிலிருந்து கழற்றி அப்படியே இதில் மாட்டிவிட்டேன், அதுதான் தவறு. ஸ்போக் கம்பியில் இருக்கும் காந்தம் சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு தடவையையும் அது ஒரு சுற்றாக எண்ணும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை நாம்தான் பதிய வேண்டும். என் மீட்டரில் பழைய சக்கரத்தின் 2050 மில்லிமீட்டரே கிடந்தது.

டயரில் 20 அங்குலம் என்று போட்டிருக்கிறதே, 3.1416ஆல் பெருக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். மில்லிமீட்டரில் 1596 வந்தது. அதை நம்பவில்லை, நல்லவேளை. டயரில் அச்சிட்டிருப்பது பெயரளவு தான். டயரின் தடிமனுக்கு ஏற்ப உண்மை விட்டம் மாறும், ஆள் ஏறினால் கொஞ்சம் அமுங்கவும் செய்யும். எனவே வழக்கம்போல் காற்றடித்து, வால்வு தரையை நோக்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். சீட்டில் உட்கார்ந்தபடியே நேராக ஐந்து சுற்று உருட்டி, மறுபடி கோடு. தம்பி டேப் பிடித்தான்: 7 மீட்டர் 58 சென்டிமீட்டர். ஐந்தால் வகுத்தால் 1.516 மீட்டர். ஒரே சுற்றை அளந்தால் கோடு போடுவதில் வரும் சிறு பிசகு முழுதாக விழும். ஐந்து சுற்றில் அது ஐந்திலொன்றாகிவிடும்.

கணக்கு இவ்வளவுதான்: நிமிடத்துக்கு எத்தனை சுற்றோ அதை ஒரு சுற்றின் தூரத்தால் (மீட்டரில்) பெருக்கி, 60ஆல் பெருக்கி, 1000ஆல் வகுக்க வேண்டும். அன்று சக்கரம் சுற்றியது சுமார் 220. 1.516ஐப் போட்டால் மணிக்கு 20 கிலோமீட்டர், 2.05ஐப் போட்டால் அதே 27.

மீட்டர் இல்லாமலும் இதைப் பார்க்கலாம். என் சைக்கிளில் முன்பல் 52, பின்பல் 13. மிதி ஒருமுறை சுற்றினால் சக்கரம் நான்கு சுற்று. ஒரு நிமிடம் மிதியை எண்ணிப் பாருங்கள். 55 வந்தால் சக்கரம் 220.

டயர் மாற்றும்போதெல்லாம் இப்போது மறுபடி கோடு போட்டு அளக்கிறேன். அம்மாவிடமும் 27 நிமிடம் என்றே சொல்கிறேன்.