திரைக்கும் பைலுக்கும் ஒரே பிரிண்ட்

மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்குப் பைத்தான் மொழியில் ஒரு சிறு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வசூலான தொகையை டைப் செய்தால், யாரிடம் எவ்வளவு பாக்கி என்று திரையில் வரிசையாகக் காட்டும். முதல் நாள் இரவு மாமா கணக்கைப் பார்த்துவிட்டு விண்டோவை மூடினார். அன்றைய வசூல் விவரம் முழுவதும் போயிற்று. "மாப்ளே, நோட்டுல எழுதினது இப்படி ஓடிப்போகாதுடா" என்றார்.

புரோகிராமில் நாற்பது இடங்களில் பிரிண்ட் கட்டளை இருந்தது. ஒவ்வொன்றையும் திருத்த வேண்டுமா? தேவையில்லை. பிரிண்ட் நேராகத் திரையில் எழுதுவதில்லை. சிஸ் மாட்யூலில் எஸ்டிடிஅவுட் என்ற பெயரில் இருக்கும் ஆப்ஜெக்ட்டின் 'ரைட்' மெத்தட்டை அழைத்து எழுத்துகளைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பிளக் பொருந்தினால் போதும். மாட்டியது மிக்ஸியா, டேபிள் ஃபேனா என்று சுவிட்ச் போர்டு கேட்பதில்லையே!

எனவே 'இரட்டை' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். (பைத்தான் 3-ல் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) அது உருவாகும்போதே பழைய எஸ்டிடிஅவுட்டை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, ஒரு பைலையும் திறக்கிறது. நேற்றைய கணக்கு அழியாதிருக்க, பைலை 'அப்பெண்ட்' முறையில் திறக்க வேண்டும். என்கோடிங் யூடிஎஃப்-8 என்றும் குறிப்பிடுங்கள். இல்லையேல் விண்டோஸில் தமிழ்ப் பெயர்கள் தகராறு செய்யலாம். ரைட் மெத்தட், வந்த எழுத்துகளை இரண்டு இடத்துக்கும் அனுப்புகிறது. 'ஃப்ளஷ்' என்ற மெத்தட்டும் கட்டாயம் வேண்டும். புரோகிராம் முடியும்போது பைத்தானே அதை அழைக்கும். கடைசியாக, இந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட்டை எஸ்டிடிஅவுட்டில் வைத்துவிடுங்கள். நாற்பது பிரிண்டும் அப்படியே இருக்கும்.

ரைட்டுக்குள் மட்டும் பிரிண்ட் போட்டுவிடாதீர்கள். அது மறுபடி ரைட்டை அழைக்கும், இது மறுபடி அதை அழைக்கும். பிழைச் செய்தியில்தான் போய் நிற்கும்.

நான் தடுக்கி விழுந்த இடம் வேறு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் சேர்க்க நினைத்தேன். வரியின் முடிவிலும் இன்னொரு முறை நேரம் வந்தது! காரணம், பிரிண்ட் ஒரு வரிக்கு ரைட்டை இரண்டு முறை அழைக்கிறது: முதலில் எழுத்துகள், பிறகு புதுவரிக் குறி. முந்தைய அழைப்பு புதுவரியில் முடிந்ததா என்று நினைவில் வைத்து, அப்போது மட்டும் நேரத்தைச் சேர்த்தேன். சரியாயிற்று.

எழுத்துகள் உடனே பைலுக்குப் போவதில்லை, பஃபரில் காத்திருக்கும். புதுவரி வந்ததும் பைலை ஃப்ளஷ் செய்துவிட்டால், மாமா விண்டோவைச் சட்டென்று மூடினாலும் அதுவரை வந்த வரிகள் பைலில் இருக்கும். பிழைச் செய்திகள் எஸ்டிடிஎர் வழியாக வருவதால் இந்தப் பைலில் சேராது. வேண்டுமானால் அதற்கும் ஓர் 'இரட்டை' மாட்டிக்கொள்ளுங்கள்.

கல்லாப்பெட்டி அருகில் மாமாவின் நோட்டு இன்னமும் இருக்கிறது.