ஆண்டறிக்கை எழுதப்போகும் தம்பிக்கு



ஆண்டு விழா அறிக்கையை எச்.எம். உன் தலையில் கட்டிவிட்டார் என்று போனில் அலுத்துக்கொண்டாய். தமிழாசிரியர் வேலைக்கு வந்தால் மூன்று காரியங்கள் சொல்லாமலே கூட வரும்: வரவேற்புரை, ஆண்டறிக்கை, சக ஆசிரியர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை பார்ப்பது. இதில் நடுவில் இருப்பதுதான் கஷ்டமானது. மற்ற இரண்டையும் யாராவது கவனிப்பார்கள். ஆண்டறிக்கை வாசிக்கும்போதுதான் பந்தலில் பேச்சுச் சத்தம் கூடும்.

போன வருஷத்துத் தாளைக் கையில் கொடுத்து, "எண்ணை மட்டும் மாத்துங்க சார், போதும்" என்றார்களாமே. அதை பீரோவில் வை. உன்னுடையதை எழுதி முடித்த பிறகு எடுத்து, விட்டுப்போன பெயர் ஏதும் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள். என்னிடம் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில், யாருக்கு எழுதுகிறாய் என்று முடிவு செய். மேடையில் உட்காரும் அதிகாரிக்கு வேண்டியதெல்லாம் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் இருக்கிறது; மாணவர் வருகையிலிருந்து கழிப்பறை எண்ணிக்கை வரை. எதிரே தரையில் உட்காருபவர்களுக்குத்தான் அந்த வசதி இல்லை. காட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்க வந்த பாட்டி, தீப்பெட்டி ஆபீஸில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த அம்மா, இவர்களுக்குத்தான் நீ வாசிக்கிறாய். எங்கள் பக்கம் ஊர்ப் பொங்கல் முடிந்ததும் வரி கொடுத்தவர்கள் முன்னால் வரவு செலவு வாசிப்பார்கள். ஒருத்தர் எழுந்து போக மாட்டார். மைக் செட்டுக்கு எவ்வளவு, கரகாட்டத்துக்கு எவ்வளவு என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள், தங்கள் பணம் என்பதால். பள்ளிக்கு அவர்கள் கொடுத்திருப்பது பிள்ளைகளை. அந்த வரவு செலவை நீ சொன்னால் கேட்காமல் போய்விடுவார்களா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டு விழா பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ நடக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அதற்குப் பிறகு, முடிவு மே மாதத்தில். ஆக, மேடையில் நீ வாசிக்கிற தேர்ச்சி விகிதம் எப்போதுமே போன வருஷத்துப் பிள்ளைகளுடையது. மேல்நிலைப் பள்ளியாக இருந்தால் அவர்களில் பலர் பதினொன்றாம் வகுப்பில் அங்கேயே இருப்பார்கள். உன்னுடையது உயர்நிலைப் பள்ளி, பத்தோடு முடிகிறது. யாரைப் பற்றிப் பெருமையாக வாசிக்கிறாயோ அவர்களில் ஒருவர்கூட அன்று அந்தப் பள்ளி மாணவர் இல்லை. டி.சி. வாங்கிக்கொண்டு போய் மாதங்கள் ஆகிவிட்டன.

எங்கே போனார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத அறிக்கையை நான் அறிக்கையாகவே மதிப்பதில்லை. டி.சி. கொடுத்தவுடன் எமிஸில் பிள்ளையின் பெயர் காமன் பூலுக்குப் போய்விடுகிறது. அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்கும். பல பள்ளிகளில் நம்முடைய அக்கறையும் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. நீ அதைத் தாண்டிப் போ. போன வருஷத்துப் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொள். அவர்களுடைய தம்பி, தங்கை யாராவது எட்டிலோ ஆறிலோ இருப்பார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாலே பாதித் தகவல் வந்துவிடும். மீதிக்குப் போன். இத்தனை பேர் டவுன் மேல்நிலைப் பள்ளியில், இத்தனை பேர் பாலிடெக்னிக்கில், இத்தனை பேர் ஐ.டி.ஐ.யில், இவர்கள் மில்லில், இந்தப் பெண் வீட்டில் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். கடைசி இரண்டு வகையில் இருப்பவர்களின் பெயரை மேடையில் சொல்லாதே, எண்ணிக்கையை மட்டும் சொல். ஊருக்கு அது போதும், யாரென்று அவர்களுக்குத் தெரியும்.

இதைச் சொல்வதில் ஒரு பலனும் உண்டு. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. உன் பள்ளியில் பத்தை முடித்துவிட்டு நின்றுவிட்ட பெண்ணுக்கு அந்தப் படிக்கட்டில் இன்னும் இரண்டு படிதான் பாக்கி. தாய்மார்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். இதை அன்று சொல்லாமல் என்றைக்குச் சொல்லப்போகிறாய்?

தேர்ச்சி விகிதத்தை எழுதும்போது கீழே இருக்கும் எண்ணை மறைக்காதே. 40 பேர் எழுதி 36 பேர் தேறினார்கள் என்று வைத்துக்கொள். 90 சதவீதம் என்று மட்டும் சொன்னால் கைதட்டு வரும். 40 பேரில் 36 பேர் என்று சொன்னால் மீதி நாலு பேர் யாருடைய பிள்ளைகள் என்று பந்தலில் ஒரு யோசனை ஓடும். ஓடட்டும். அந்த நாலு பேர் துணைத் தேர்வு எழுதினார்களா, அதில் தேறினார்களா என்பதை அடுத்த வரியில் சொல்லிவிடு. துணைத் தேர்வில் தேறிய பிள்ளையை எந்தப் பள்ளியும் அறிக்கையில் சேர்ப்பதில்லை. அந்த முடிவு வருவதற்குள் ஃபிளெக்ஸ் அடித்து முடித்திருப்பார்கள். என் கணக்கில் விடுமுறையில் உட்கார்ந்து படித்துத் தேறியவனுக்குத்தான் முதலில் கைதட்ட வேண்டும்.

சென்டம் மோகத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசே நிறுத்திவிட்டது. ஆனாலும் சில இடங்களில் ஒன்பதாம் வகுப்பிலேயே பலவீனமான பிள்ளைகளைத் தட்டிவிட்டு, பத்தில் நூறு சதவீதம் காட்டுகிறார்கள். அப்படிக் கிடைத்த நூறைவிட உன் தொண்ணூறு நிமிர்ந்து நிற்கும். ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்ற இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அறிக்கைக்கு முன்னால் எச்.எம்.மிடம் பேசு.

எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறிய பிள்ளைகளைக் கட்டாயம் பெயர் சொல்லி வாசி. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், அது ஒரு வீட்டில் எவ்வளவு பெரிய பணம் என்று உனக்குத் தெரியும். அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், பள்ளி மாறும்போது கவனிக்கவில்லையென்றால் நின்றுவிடும் என்பதையும் அதே மூச்சில் சொல். பெற்றோர் அந்த வாக்கியத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். விளையாட்டு, கலைத் திருவிழா, மன்றப் போட்டிகள் எல்லாவற்றையும் ஒரு பத்தியில் முடித்துவிடு. வென்ற பிள்ளைகள் எப்படியும் பரிசு வாங்க மேடைக்கு வருவார்கள்.

நன்றிப் பகுதியில்தான் நம்மவர்கள் வழுக்கி விழுகிறார்கள். கொடுத்தவரின் தகுதிக்கு ஏற்ற நீளத்தில் அடைமொழி! பீரோ கொடுத்தவருக்குக் "கல்வி வள்ளல்", துடைப்பம் வாங்கிக் கொடுத்தவருக்கு "மற்றும் பலர்". எல்லாருக்கும் ஒரே அளவு வாக்கியம் எழுது. யார், என்ன செய்தார், அதனால் பள்ளியில் என்ன நடக்கிறது, அவ்வளவுதான். "இவர் 10,000 ரூபாய் தந்தார்" என்பதைவிட, "இவர் தந்த பணத்தில் ஆறாம் வகுப்புக்கு மின்விசிறி மாட்டினோம், இப்போது மத்தியானம் அந்த வகுப்பில் யாரும் தூங்கி விழுவதில்லை" என்று சொன்னால் கொடுத்தவருக்கே முகம் மலரும். கூலி வாங்காமல் டைல்ஸ் ஒட்டிய கொத்தனார் அப்பாவும் நன்கொடையாளர்தான். அவர் விட்டுக்கொடுத்தது எத்தனை நாள் கூலி என்று கேட்டு எழுது.

சில ஊர்களில் கல்விச் சீர் கொண்டுவருகிறார்கள், பார்த்திருப்பாய். மேளம் முன்னால் போக, பெண்கள் தாம்பாளத்தில் நோட்டும் பேனாவும், ஆண்கள் தலையில் நாற்காலியும் மின்விசிறியுமாகத் தாய்மாமன் சீர் மாதிரி ஊர்வலம் வரும். எனக்கு இந்த வழக்கத்தில் பிடித்தது, ஊரே பொருளைச் சுமந்துகொண்டு பள்ளிக்குள் நுழைவது. அந்த நாற்காலி உடைந்தால் சுமந்தவர் வந்து கேட்பார். உன் ஊரில் நடந்திருந்தால் யார் எதைச் சுமந்தார் என்றே எழுது.

இதற்கெல்லாம் நமக்கு ஒரு மூத்த வழி இருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடக்கம். ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன குறை என்று முதலில் பட்டியல் போடுவார்கள். கரும்பலகைக்குச் சாயம், பெஞ்சு, தேசப்படம், குடிநீர்ப் பானை, சீருடை, இடம். பிறகு அந்தப் பட்டியலை ஊர் முன்னால் வைத்து, இது என்னுடையது, அது உன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளச் செய்வார்கள். பொத்தாம்பொதுவாக "உதவுங்கள்" என்று கேட்காமல், இன்ன பொருள் என்று கேட்டார்கள். அவருடைய 'நினைவு அலைகள்' உங்கள் ஊர் நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படி. அதில் நிர்வாகமும் இருக்கிறது, உரைநடையும் இருக்கிறது.

நம் காலத்துக்கும் ஒன்று சொல்கிறேன். மதுரை யா. கொடிக்குளம் ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த இடம் தேவைப்பட்டது. வங்கி ஊழியரான ஆயி பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். கோடிக்கணக்கில் விலை போகிற நிலம். மறைந்த தன் மகளின் பெயரைக் கட்டடத்துக்கு வைக்கச் சொன்னார். 2024 குடியரசு தினத்தில் அரசு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. இந்தச் செய்தியை மேடையில் சொல்லி, "நம் ஊரிலும் இப்படி ஒருவர் வர மாட்டாரா" என்று முடித்துவிடாதே, அது கொத்தனார் அப்பாவைச் சின்னதாக்கிவிடும். இந்தச் செய்தியில் நீ கவனிக்க வேண்டியது வேறு. பள்ளிக்குத் தேவை இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உன் பள்ளிக்கு என்ன தேவை என்று உன் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே, அறிக்கையின் கடைசிப் பகுதியாகத் தேவைப் பட்டியலை வை, தோராய விலையோடு. அதோடு, பள்ளி மேலாண்மைக் குழு போன வருஷம் போட்ட தீர்மானங்களில் எது முடிந்தது, எது முடியவில்லை என்றும் சொல். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பெரும்பாலும் ஒரு தாய்தான் தலைவர். கையெழுத்து வாங்குவதற்கு மட்டும் அவரைக் கூப்பிடும் பழக்கம் உன் பள்ளியில் இருந்தால், தீர்மானப் பகுதியை அவரையே வாசிக்கச் சொல். எச்.எம். முதலில் தயங்குவார். "முடியாததை எதுக்கு சார் மேடையில சொல்லணும்?" என்பார். அதிகாரி முன்னால் சொன்னால் புகார் மாதிரித் தெரியும் என்ற பயம் அவருக்கு. வாதாடாதே. முடியாத தீர்மானத்தைத் தேவைப் பட்டியலுக்குள் நகர்த்தி எழுதிக் காட்டு. பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய், நீளம் இத்தனை அடி, செலவு இவ்வளவு. புகார் எதுவும் அதில் இருக்காது, விஷயம் முழுதாக இருக்கும்.

"ஏழை எளிய மாணவர்கள்" என்ற சொற்கள் உன் தாளில் எங்கேயும் வரக்கூடாது. அந்தப் பிள்ளைகள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாருக்குச் சீருடை தைத்துக் கொடுத்தோம், யாருக்குப் பஸ் காசு கொடுத்தோம் என்பதும் வேண்டாம். கொடுத்தவர் பெயர் போதும், வாங்கியவர் பெயர் வேண்டாம். இதில் மட்டும் யார் சொன்னாலும் இறங்காதே.

ஆண்டு மலரும் உன் பொறுப்பு என்றாய். பிள்ளைகள் எழுதித் தருவதில் எழுத்துப்பிழையைத் திருத்து, பேச்சைத் திருத்தாதே. "எங்க ஸ்கூல்ல வேப்பமரத்தடியில உக்காந்தா சத்துணவு வாசம் வரும்" என்று ஒருத்தி எழுதினால், அதை "எமது பள்ளியின் இயற்கை எழில்" ஆக்க உனக்கு உரிமை கிடையாது. அப்துல் கலாம் பற்றிய கட்டுரை வரும், மழைநீர் சேகரிப்பு பற்றிக் கட்டாயம் வரும். ஆளுக்கொன்று போட்டுக்கொள். மீதி இடத்தைப் பிள்ளைகள் பார்த்ததற்கும் கேட்டதற்கும் விடு.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தலுக்குப் பின்னால் ரோஸ் பவுடர் பூசி, சலங்கை கட்டி, வியர்வையில் மை வழிய நிற்கிற பிள்ளைகளை நினைத்துக்கொண்டு எழுது. ஏழு நிமிஷத்துக்கு மேல் போனால் அவர்களுக்குச் செய்கிற கொடுமை. முதல் நாள் சத்துணவு அமைப்பாளர் அக்காவுக்கு வாசித்துக் காட்டு. அவர் "அப்படின்னா?" என்று கேட்கிற இடமெல்லாம் மாற்ற வேண்டிய இடம். எண்களைக் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்துச் சரிபார். பெயர்களின் தலைப்பெழுத்தை மட்டும் யாரிடமும் விடாதே. ஊரில் ஒரே பெயரில் நாலு முருகேசன் இருப்பார்கள், தலைப்பெழுத்து மாறினால் நன்றி வேறு வீட்டுக்குப் போய்விடும். ரசீதுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீயே ஒவ்வொன்றாக ஒத்துப் பார். வெள்ளிக்கிழமைக்குள் வரைவு முடிந்தால் அனுப்பு, சனி ஞாயிறில் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தமிழ் டீச்சர்