கட்டுநாயக்காவிலிருந்து துபாய் எவ்வளவு தூரம்?

நம் தோட்டங்களிலிருந்து பலர் துபாய்க்கு வேலைக்குப் போகின்றனர். கட்டுநாயக்காவிலிருந்து வான்வழியே சுமார் 3,300 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் ஏறக்குறைய நாலரை மணித்தியாலப் பயணம்.

உதாரணமாக, டிக்கட்டில் காலை 10.00 மணிக்குப் புறப்பாடு, பகல் 1.00 மணிக்கு வருகை என்றிருந்தால், "மூணு மணித்தியாலந்தானே?" என்று நினைப்போம். அப்படியல்ல. டிக்கட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். துபாய் நேரம் நம்ம நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே 1.00 என்றால் இங்கே பிற்பகல் 2.30.

ஆகவே, ஒரு மணிக்குக் கோல் வரல்லையே என்று லயத்தில் யாரும் பதற வேண்டாம். இறங்கிய பின்னும் குடிவரவுச் சோதனை உண்டு, பெட்டி எடுக்க வேண்டும். அங்கிருந்து அம்மா "ராத்திரி எட்டு மணிக்குப் பேசுறேன்" என்றால், இங்கே ஒன்பதரைக்குப் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருப்போம்.